சுவையில் பிறக்கும் அறம்

தமிழில் நூல் செய்யப் புகுந்தோர் முதற்கண் கடவுளை வாழ்த்துவர். காப்பும் வாழ்த்தும் பாடிய பின்னரே நூற்பொருளுக்குள் நுழைவர். இம்மரபிலே பயின்று, இம்மரபையே மாணவர்க்குப் பயிற்றிவரும் தமிழாசிரியர் ஒருவர், விவிலியத்தில் உள்ள சங்கீதப் புத்தகத்தை முதன்முறையாகத் திறப்பாராயின் சற்றே திகைப்பார். சீர்திருத்தச் சபையார் சங்கீதம் என்றும் கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் வழங்கும் அந்நூலில் 150 பாடல்கள் உள்ளன. எபிரேய மொழியில் அதன் பெயர் 'தெஹிலீம்'. துதிகள் என்பது அதன் பொருள். துதிநூல் எனப் பெயர் பெற்ற அந்நூலின் முதற்பாடலோ துதியாக இல்லை. இறைவனை நோக்கிய விளி ஒன்றேனும் அதில் இல்லை. வழியே நடந்து செல்லும் ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டி, அவன் பெற்ற பேற்றை வியந்து தொடங்குகிறது.

இறைவனைப் பாட வந்தவன் மனிதனைப் பாடியது ஏன்? இவ்வினாவுக்கு உரையாசிரியர்கள் பல விடைகள் தந்துள்ளனர். முதற்பாடலை நூலின் வாயிற்படி எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. உள்ளே நடப்பது துதி. அத்துதியைச் செய்யத் தக்கவன் யார் என்பதை வாயிலிலேயே நிறுத்திக் காட்டிவிடுகிறான் பாடியவன்.

பாடலில் ஆறு வசனங்களே உள்ளன. அவற்றுள் முதலாவது, அம்மனிதன் செய்யாத மூன்றினைக் கூறுகிறது. தீயோர் சொல்லும் யோசனையின்படி அவன் நடப்பதில்லை. பாவிகளின் வழியில் நிற்பதில்லை. இகழ்ந்து பேசுவோர் நடுவே அமர்வதில்லை. நடத்தல், நிற்றல், அமர்தல் என்னும் இம்மூன்று வினைகளின் வரிசை எண்ணத்தக்கது. கெட்டுப்போகும் மனிதன் ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் அவ்வழியே நடந்து போகிறான். பின்பு, என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்க நிற்கிறான். நின்ற கால் வலிக்கவே உட்காருகிறான். உட்கார்ந்த பின் அவனே மற்றவரை எள்ளி நகையாடத் தொடங்குகிறான். பள்ளிக்கு அருகே கடைத்தெரு உள்ள எந்த ஆசிரியருக்கும் இவ்வரிசை புதிதன்று. ஆறாம் வகுப்பில் அவ்வழி நடந்தவன், மூன்று ஆண்டுகளில் எந்தப் பலகையில் அமர்ந்திருந்தான் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டிருப்பர்.

மூன்று எதிர்மறைகளைச் சொன்ன பாடகன், உடன்பாட்டில் எத்தனை அறங்களை அடுக்கப் போகிறான் என்று படிப்போர் எதிர்பார்ப்பர். ஈகை, வாய்மை, கொல்லாமை, பிறன்மனை நோக்காமை என ஒரு பட்டியல் வரும் என்று காத்திருப்பர். வருவதோ ஒன்றே ஒன்றுதான். அம்மனிதன் இறைவனுடைய வேதத்தில் இன்பம் காண்கிறான். அல்லும் பகலும் அதையே ஓதிக்கொண்டிருக்கிறான். அவ்வளவே. நல்லவன் யார் என்னும் வினாவுக்கு, அவன் செய்கைகளைக் காட்டாமல், அவன் எதைச் சுவைக்கிறான் என்பதைக் காட்டிப் பாடல் விடை சொல்கிறது.

இங்கே வேதம் என்று தமிழில் நிற்கும் சொல், மூலத்தில் 'தோரா'. அதனைச் சட்டம் என்று மட்டும் கொண்டால் பாடலின் பொருள் குன்றிப்போகும். சட்டப் புத்தகத்தில் இன்பம் காண்பவர் வழக்கறிஞருள்ளும் மிகச் சிலரே. தோரா என்பதற்குக் கற்பித்தல், வழிகாட்டல் என்பனவே அடிப்படைப் பொருள். எபிரேய மொழியில் ஆசிரியனைக் குறிக்கும் 'மோரே' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. ஆகவே, ஆசான் ஒருவனுடைய பாடத்தில் மயங்கி, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போகும் மாணவனைத்தான் இப்பாடல் கண்முன் நிறுத்துகிறது எனலாம்.

சொல்லிக்கொண்டு போதல் என்பது ஈண்டு உவமையன்று. தமிழில் தியானம் என்று பெயர்க்கப்பட்டுள்ள சொல்லுக்கு மூலத்தில் 'ஹாகா' என்பது வினை. கண்ணை மூடி மௌனமாக அமர்ந்திருப்பதை அது குறிப்பதன்று. வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. ஏசாயா தீர்க்கதரிசி இதே வினையை இரண்டு இடங்களில் வேறு பொருளில் ஆள்கிறார். ஓரிடத்தில், பிடித்த இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கு இச்சொல் வருகிறது. பிறிதோரிடத்தில், புறா அனுங்குவதற்கு இதே சொல் வருகிறது. சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் அனுங்கலுக்கும் ஒரே சொல் பொருந்துவது எங்ஙனம்? இரண்டும் தொண்டையிலிருந்து எழும் தாழ்ந்த ஒலிகள். ஒன்று பசியும் நிறைவும் கலந்தது. மற்றொன்று ஏக்கம் நிறைந்தது. வேதத்தை ஓதுபவனும் இவ்விரண்டு ஒலிகளையும் எழுப்புவான் போலும்.

பண்டைக் காலத்தில் படித்தல் என்றாலே வாய்விட்டுப் படித்தல்தான். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக விளங்கிய அம்புரோசு, உதடு அசையாமல் கண்ணால் மட்டும் படிப்பதைக் கண்டு, அகுஸ்தீன் என்னும் பேரறிஞரே வியந்து எழுதியிருக்கிறார். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் ஆத்திசூடியும் ஓங்கி ஒலித்த காலம் தமிழர்க்கும் இருந்தது. பொருள் பின்னர் விளங்கட்டும், ஒலி முதலில் நாவில் ஏறட்டும் என்பது அக்கால ஆசிரியர்களின் நம்பிக்கை. இந்நாளில் மனப்பாடம் என்றால் முகம் சுளிப்போர் பலர். பொருளறியா மனப்பாடத்தைப் பழிப்பது சரியே. ஆயினும் நாவில் ஒன்றுமே ஏறாத பிள்ளைக்குத் துன்பம் வரும் வேளையில் உள்ளிருந்து எழுவதற்கும் ஒன்றும் இராது.

இச்சுவைஞனுக்குப் பாடல் தரும் உவமை, நீரருகே நிற்கும் மரம். இவ்வுவமையிலும் ஒரு நுட்பம் உண்டு. மூலச் சொல்லின்படி அது தானே முளைத்த மரமன்று. பெயர்த்து நடப்பட்ட மரம். நீர் என்பதும் காட்டாற்று வெள்ளமன்று; வாய்க்கால்களைக் குறிக்கும் சொல்லே அங்குள்ளது. யாரோ ஒருவர் வறண்ட நிலத்திலிருந்து கன்றைப் பெயர்த்து, வாய்க்காலோரம் கொணர்ந்து நட்டிருக்கிறார். நாற்றங்கால் கன்றைப் பெயர்த்து நடுவது எத்தகைய வேலை என்பது இரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பெயர்த்து நட்ட சில நாள் கன்று வாடியே நிற்கும். பிழைக்குமா என்ற ஐயம் எழும். பின்பு ஒரு காலையில் புதுத் துளிர் தெரியும். வேதத்தைத் தேர்ந்தெடுத்த மனிதன் என்று சொல்லும்போதே, அவன் தேர்ந்தெடுக்கப்பட்டு நடப்பட்டவனுமாகிறான். இவ்விரண்டில் எது முந்தியது என்று சமய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். அவ்வாதம் இங்கு வேண்டா.

சுவைத்தலும் சுவைக்காமையும் ஒரே நூலின் முன்னே எவ்வாறு பிரிகின்றன என்பதற்கு, யூதா நாட்டின் அரசர் இருவர் வரலாறு சான்றாகும். இருவரும் தந்தையும் மகனும் ஆவர்.

யோசியா என்னும் அரசன் காலத்தில், கி.மு. 622 அளவில், எருசலேம் கோயிலைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. அப்போது மறந்துபோன வேதச்சுருள் ஒன்று அங்கே கண்டெடுக்கப்பட்டது. எழுத்தன் அதனை அரசன் முன் வாசித்தான். கேட்ட அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். துயரமும் நாணமும் மேலிட்டபோது அந்நாட்டார் செய்யும் செயல் அது. பின்பு அவன் நாட்டைத் திருத்த முற்பட்டான்.

அவனுக்குப் பின் சில மாதங்களில் அவன் மகன் யோயாக்கீம் அரசனானான். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, பாருக்கு என்னும் எழுத்தன் ஒரு சுருளில் எழுதினான். அச்சுருள் அரசன் முன் வாசிக்கப்பட்டது. அது குளிர்காலம். அரசனுக்கு முன்னே கணப்புச் சட்டியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடிந்ததும், எழுத்தருக்குரிய சிறு கத்தியால் அரசன் அப்பகுதியை அறுத்து நெருப்பில் இட்டான். மேலும் வாசித்தனர், மேலும் அறுத்தான். சுருள் முழுதும் சாம்பலாயிற்று. தந்தை ஆடையைக் கிழித்ததற்கும் மகன் சுருளை அறுத்ததற்கும் எபிரேய மூலத்தில் ஒரே வினைச்சொல் ஆளப்பட்டிருக்கிறது. மகனும் அவனுடைய ஏவலரும் ஆடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்பதை வரலாற்றை எழுதியவர் மறவாமல் குறித்தும் வைத்திருக்கிறார். நூலைக் கேட்டவன் ஒன்று தன்னைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அன்றேல் நூலைக் கிழிக்க வேண்டும் என்பது போல அமைந்துவிட்டது அக்குடும்பத்தின் கதை. எழுத்தாணியும் கத்தியும் ஒரே உறையில் வைத்திருந்த தமிழ் ஏட்டாளர்கள் இக்காட்சியின் கொடுமையை நன்கு உணர்ந்திருப்பர். எழுதுவதற்காக வைத்த கருவியே எழுத்தை அழித்தது.

எரேமியா மீண்டும் வாய் திறந்தார். பாருக்கு மீண்டும் எழுதினான். எரிந்தவை எல்லாம் எழுதப்பட்டதோடு, வேறு பலவும் சேர்க்கப்பட்டன.

அந்த எரேமியாவிடம்தான் சுவை என்பதன் பொருள் முழுமையாக விளங்குகிறது. இறைவனுடைய சொற்களைக் கண்டடைந்து உண்டதாகவும், அவை உள்ளத்துக்கு மகிழ்ச்சி ஆனதாகவும் அவர் தம் நூலில் கூறுகிறார். நீரருகே நடப்பட்ட மரத்தின் உவமையையும் அவர் ஆண்டிருக்கிறார். மரத்தின் இலை உதிர்வதில்லை என்பதைப் படித்து, வேதம் ஓதுபவனுக்குச் செல்வமும் நலமும் தாமே வந்து சேரும் என்று கணக்கிடுவோர் எக்காலத்திலும் உண்டு. உவமையைச் சொன்ன எரேமியாவுக்கு வந்து சேர்ந்தது என்ன? அடியும் தொழுமரமும் சிறையும் வந்தன. இறுதியில் அவரைக் கயிறு கட்டிப் பாழுங்கிணற்றில் இறக்கினர். அதில் நீர் இல்லை, சேறு இருந்தது, அவர் அச்சேற்றில் அமிழ்ந்தார் என்று வரலாறு கூறுகிறது. இனிப் பேசுவதில்லை என்று வாய்மூட முயன்றபோது, சொல்லானது எலும்புகளுக்குள் அடைபட்ட தீயாக இருந்தது என்பதையும் அவரே உரைத்திருக்கிறார். வாய்க்கு இனித்தது எலும்பில் எரிந்தது. இன்பம் காணுதல் என்னும் சொல்லை எளிதாகச் சொல்லிவிடுவோர் இதனையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் தகும்.

பழைய யூதாவில் நிகழ்ந்தது தாமிரபரணிக் கரையிலும் ஒருவகையில் நிகழ்ந்தது. தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

நெல்லையை அடுத்த கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. வைணவ வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். வீட்டில் கம்பனும் ஆழ்வார்களும் அன்றாடம் ஒலித்த சூழலில் வளர்ந்த பிள்ளைக்குச் செவிச்சுவை எத்தகையதாக அமைந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1853-இல், அறிஞர் கால்டுவெல்லின் தேர்வினால், சாயர்புரத்தில் இருந்த கிறிஸ்தவ இறையியற் பள்ளிக்கு அவர் தமிழாசிரியரானார். ஜி. யூ. போப் உருவாக்கிய கல்விக்கூடம் அது. தம் சமயத்தில் உறுதியுடைய ஓர் இளம் புலவர், பிற சமயத்தார் பள்ளியில், பிற சமய மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கச் சென்றார். ஊதியத்துக்காகச் செய்யும் வேலைதானே என்று அவர் உறவினர் அமைதி கொண்டிருப்பர்.

அந்நாளில் கிறிஸ்தவத் திருமறையின் தமிழ், புலவர் செவிக்கு இனிமை தருவதாக இருந்ததில்லை. 1714-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிடத் தொடங்கிய புதிய ஏற்பாடு முதல், பெப்பிரீசியுஸ், இரேனியுஸ் ஆகியோர் செய்த திருத்தங்கள் வரை, ஒவ்வொன்றும் அரிய உழைப்பின் பயன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அயல்மொழி அறிஞர் தமிழில் எழுதும்போது சந்தி தளர்வதும், தொடர் முறுக்குவதும், வடசொல் மிகுவதும் இயல்பு. கம்பனின் விருத்தத்தில் ஊறிய செவி அதனைக் கேட்டுக் கூசியிருக்கும். எனவே, அந்நூலில் அவர் பின்னாளில் கண்ட இன்பத்தை இலக்கிய இன்பம் என்று கொள்வது பொருந்தாது. சொல்லின் சுவையில் மயங்கிச் சமயம் மாறினார் என்று எவரும் கூற முடியாது. சொல் கரடுமுரடாய் இருந்தும், அதனுள் இருந்த ஒன்று அவரைப் பற்றிக்கொண்டது.

அது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. சாயர்புரத்தில் ஆண்டுகள் கழிந்தன. படித்தார், நண்பரோடு உரையாடினார், ஐயுற்றார். தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்பே கிறிஸ்தவரானார். 1858-இல், தம் முப்பத்தோராம் அகவையில், சொந்த ஊரிலிருந்து தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்று கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர் சேர்ந்தது, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்றே இன்று இலக்கிய வரலாறு அவரை அறியும். நெல்லைக்கு இருப்புப்பாதை வராத காலம் அது. அவ்வளவு நெடிய வழியைக் கடந்து சென்று பெற்ற முழுக்கின் விலை என்ன என்பதை இக்கால மாணவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். அந்நாளில் அத்தகைய குடியில் பிறந்த ஒருவர் சமயம் மாறினால், பந்தியில் இடம் போகும். கொள்வினை கொடுப்பினை போகும். பெற்றோர்க்குச் செய்யும் நீர்க்கடனுக்கு உரியவர் என்னும் நிலையும் போகும். உயிரோடு இருப்பவரை இறந்தவராக எண்ணித் தலைமுழுகுவோரும் உண்டு. இவ்வளவும் தெரிந்தே அவர் சென்றார். அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வைணவராகவே இருந்து அறவாழ்வு வாழ்ந்தோர் அவர் குடியிலே பலர் இருந்திருப்பர். தாம் சுவைத்த ஒன்றுக்காகத் தம்மைப் பெயர்த்து நட இடங்கொடுத்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பெயர்த்து நட்ட மரம் பழைய மண்ணை முற்றிலும் உதறிவிட்டு வருவதில்லை. வேரைச் சுற்றி ஒரு கவளம் தாய்மண் ஒட்டிக்கொண்டு வரும். கிருஷ்ண பிள்ளையின் வேரில் ஒட்டியிருந்தது கம்பன். ஜான் பனியன் என்பார் ஆங்கிலத்தில் எழுதி 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவி, அவர் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். பல ஆண்டுகள் 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வந்து, 1894-இல் அது நூலாயிற்று. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்டது. அதற்காகவே அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்பர். முன்பு கூசிய செவிக்கு, அச்செவி விரும்பிய ஓசையிலேயே திருமறைப் பொருளைத் திருப்பி வழங்கினார் அவர். இளமையில் சுவைத்த எதனையும் அவர் வீணாக்கவில்லை.

அவர் தழுவிய மூலநூலின் ஆசிரியரையும் சற்று நோக்கலாம். பனியன் பல்கலைக்கழகம் கண்டவரல்லர்; ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. உரிமம் இன்றிச் சமயச் சொற்பொழிவு செய்தமைக்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தார். இனிப் பேசுவதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். அவர் நூலின் தொடக்கத்தில், கந்தல் உடுத்த ஒரு மனிதன் நிற்கிறான். கையில் ஒரு புத்தகம், முதுகில் பெருஞ்சுமை. புத்தகத்தைத் திறந்து படிக்கிறான், அழுகிறான், நடுங்குகிறான்.

இங்கு ஒரு தடை எழலாம். சங்கீதத்தின் மனிதன் வேதத்தில் இன்பம் காண்கிறான். பனியனின் மனிதனோ அதைப் படித்து நடுங்குகிறான். அறவாழ்வின் தோற்றுவாய் சுவையா, அச்சமா? தொடக்கம் அச்சமாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். யோசியா ஆடையைக் கிழித்ததும் மகிழ்ச்சியால் அன்று. ஆயின் அச்சத்தால் புறப்பட்டவன் அச்சத்தாலேயே வழி முழுதும் நடந்துவிட முடியாது. பனியனின் பயணிக்குச் சிலுவையின் அடியில் சுமை கழன்று விழுகிறது. ஒரு சுருளும் கொடுக்கப்படுகிறது. போகும் வழியில் அதைப் படித்துப் படித்து ஆறுதல் அடைகிறான். ஒரு மலையின் நடுவே நிழலில் கண்ணயர்ந்தபோது அது கைநழுவிப் போகிறது. நெடுந்தூரம் நடந்தபின் அதை உணர்ந்து, வந்த வழியே திரும்பிச் சென்று, தேடி எடுத்து, கண்ணீரோடு மார்பில் சேர்த்துக்கொள்கிறான். முதலில் நடுங்கிய கை பின்பு அதைத் தேடித் திரும்பி நடக்க வைத்தது என்றால், இடையில் அச்சம் வேறொன்றாக மாறிவிட்டது என்பது தெளிவு. ஓர் அரசன் கைக்கு வந்த சுருளை அறுத்தெறிந்தான். ஒரு வழிப்போக்கன் கைவிட்ட சுருளுக்காக நடந்த தொலைவையே மீண்டும் நடந்தான்.

சுவை போதும் என்று இத்துடன் நிறுத்திவிடலாம். அவ்வாறு நிறுத்துவது நேர்மையாகாது. ஏனெனில், திருமறையை உளமாரச் சுவைத்தவர்களே அதன் பொருளுக்கு மாறாக நடந்த காலமும் தமிழகத்தில் உண்டு.

தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரின் மாணவர். சரபோசி மன்னரோடு உடன் பயின்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர். அவர் பாடிய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் இருக்கும் இடமெல்லாம் ஒலிக்கின்றன. வேதத்தில் இன்பம் கண்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத் தயங்காமல் சொல்லலாம். அவர் காலத்துத் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு பக்கமும், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர் மறுபக்கமும் பிரிந்தே அமர்ந்தனர். நற்கருணைக் கிண்ணத்தை அணுகுவதிலும் முன் பின் என்னும் முறை இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையில் பெருங்கலக்கம் எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினர். சாதி ஆசாரத்தின் பக்கம் நின்று எழுதியவர்களுள் சாஸ்திரியாரும் ஒருவர். அயல்நாட்டார் தம் விருப்பப்படி தமிழர் வழக்கங்களை மாற்ற முற்பட்டதில் அவருக்கு இருந்த மனவருத்தம் முழுதும் புறந்தள்ளத்தக்கதன்று. விழா, இசை, மொழி ஆகியவை பற்றி அவர் எழுப்பிய குறைகள் சில நியாயமானவை. ஆயினும் ஒரே கிண்ணத்தை ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் என்று பகுத்த வழக்கத்துக்கு அவருடைய தமிழ் துணைபோனதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

முதற்சங்கீதம் எங்கே நடக்கிறாய், எங்கே நிற்கிறாய் என்று கேட்டதோடு, எங்கே அமர்கிறாய் என்றும் கேட்டது அன்றோ? அச்சபையார் அப்பாடலை எத்தனை முறை பாடியிருப்பர்! பாடிக்கொண்டே தத்தம் பக்கத்தில் அமர்ந்தனர். கத்தி இல்லாமலும் சுருளை அறுக்க முடியும். நாவுக்கு இனிக்கும் பத்திகளை மட்டும் மீண்டும் மீண்டும் ஓதி, நெஞ்சைக் குத்தும் பத்திகளைக் கண்ணால் கடந்து போதலும் ஓர் அறுவையே. யோயாக்கீம் நெருப்பில் இட்டான். சுவைஞர்கள் மறதியில் இடுகின்றனர். அதனால்தான் போலும், பாடகன் இன்பம் காண்கிறான் என்று சொன்னதோடு அமையாமல், பகலும் இரவும் ஓதுகிறான் என்று சேர்த்தான். பிடித்த பகுதியை ஓதப் பகற்பொழுதில் ஒரு நாழிகை போதும். முழுதும் ஓதுகிறவனுக்குத்தான் இரவும் தேவைப்படுகிறது.

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் 1983 முதல் நன்னெறிக் கல்வி ஒரு பாடமாக நடந்துவருகிறது. பண்புகளைப் பெயரிட்டுப் பட்டியலிட்டுக் கற்பிப்பது பாடத்திட்டத்துக்கு இன்றியமையாதது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பட்டியலை ஒப்பித்து முழு மதிப்பெண் பெற்ற மாணவனே, அன்று மாலை உடன் படிப்பவனின் பென்சில் பெட்டியோடு பிடிபடுவதும் உண்டு. அவனுக்குப் பட்டியல் தெரியாமல் இல்லை. அது அவனுக்கு இனிக்கவில்லை. இனிக்கச் செய்வது எவ்வாறு என்பதற்குப் பாடத்திட்டத்தில் வழி இராது. தாம் ஒரு நூலைச் சுவைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவரை அருகிலிருந்து காண்பதைத் தவிர, மாணவனுக்கு வேறு வழி இருப்பதாகவும் தோன்றவில்லை. சாயர்புரத்து மாணவர்கள் அத்தகைய ஆசிரியரைக் கண்டனர். அவர் நான்மறையும் ஆழ்வாரும் போற்றிய நாளிலும் கண்டனர். உள்ளுக்குள் போராடிய நாளிலும் கண்டனர்.

இந்நாட்டுத் தோட்டங்களிலும் வேதத்தை இவ்வாறு நாவில் கொண்டிருந்தவர்கள் உண்டு. அவர்களுள் பலருக்கு எழுத்தே தெரியாது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த கிறிஸ்தவக் குடும்பங்களின் மூத்த பெண்கள், சிறுமிகளாய் இருந்தபோது உபதேசியார் சொல்லக் கேட்டு ஏற்றிக்கொண்ட சங்கீதங்களை முதுமை வரை மறக்கவில்லை. பெரட்டு மணி அடிப்பதற்கு முன், விடியாத இருளில், லயத்து வீட்டின் அடுப்படியில் அமர்ந்து, நெருப்பை ஊதிக்கொண்டே அவற்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பர். சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. புறா அனுங்குவது போன்ற ஒலி மட்டுமே பாயில் படுத்திருக்கும் பேரப்பிள்ளைகளின் காதில் விழும். இடையில் ஒருமுறை ஊதுவதற்காக ஒலி நிற்கும். ஈர விறகு புகையும். இருமுவர். விட்ட சொல்லிலிருந்து மீண்டும் தொடங்குவர். பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பொருள் விளங்காமலே, அடுத்த சொல் என்ன என்பதை அறிந்தவர்களாய்க் காத்திருப்பர்.